ரசாயன ஆராய்ச்சியில் ஆதாரங்களும் அவற்றின் தரமும்

ரசாயனத்தைப் பரிசோதனை விஞ்ஞானம் என்று சொல்வது மரபு. கண்ணால் கண்டதையும் கையால் அளந்ததையும் அன்றி வேறெதையும் அது ஒப்புக்கொள்வதில்லை என்ற நம்பிக்கை பள்ளிப் பருவத்திலேயே நம் மனத்தில் ஊன்றிவிடுகிறது. ஆனால் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் நடக்கும் வேலையை உற்று நோக்கினால், அங்கே பயன்படும் அறிவில் மிகச் சிறிய பகுதியே அங்கே கண்டறியப்பட்டது என்பது புலனாகும். குடுவையில் ஊற்றுகிற கரைப்பானின் கொதிநிலையை ஆராய்ச்சியாளர் அளந்ததில்லை. புட்டியின்மேல் ஒட்டிய சீட்டு சொல்லும் தூய்மையை அவர் சோதித்ததில்லை. தாம் பயன்படுத்தும் என்ஸைமின் அமினோ அமில வரிசையை நிர்ணயித்தவர் வேறு ஒருவர். அதன் வேகத்தைக் கணிக்க உதவும் மாறிலியைக் கண்டு எழுதியவர் இன்னொருவர். நம் தர்க்க நூலார் காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுத்து, அவற்றுள் உரைக்கு நம்பத்தக்கவரின் வாக்கையே இலக்கணமாக வைத்தார்கள். காண்டலின் கோட்டை என்று நாம் கருதும் ரசாயனம், நடைமுறையில் பெரிதும் உரையின்மேல் நிற்கிறது. அந்த உரைகளில் எதை நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம் என்ற வினாவை ரசாயனத்தையும் உயிர்ரசாயனத்தையும் பற்றிய வரையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாவுக்கு மாணவர்களிடையே வழங்கும் விடை எளிமையானது: புகழ்பெற்ற சஞ்சிகையில் வந்தது மெய், பெயர் தெரியாத சஞ்சிகையில் வந்தது ஐயத்துக்குரியது என்பார்கள். இது முழுதும் பிழையன்று என்றாலும், இதை நம்பி ஆராய்ச்சியில் இறங்குகிறவர் விரைவில் ஏமாற்றம் அடைவார். ஒரு செய்தியை எழுதியவரையன்றி வேறொருவர் தம் கையாலோ தம் கணக்காலோ சோதித்திருக்கிறாரா, அச்செய்தியிலிருந்து பின்னோக்கி நடந்து மூல அளவீட்டை அடைய வழி திறந்திருக்கிறதா என்னும் இரண்டையும் கேட்டு, அவற்றுக்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே ஓர் ஆதாரத்தின் தரத்தை மதிக்க வேண்டும் என்பது என் துணிபு. அந்த நோக்கோடு, இத்துறையில் இருநூறு ஆண்டுகளாகத் திரண்டிருக்கும் சாதனங்களைப் பார்க்கலாம்.

தன் துறையில் வெளியாகும் அனைத்தையும் ஒரு ரசாயனி தானே படித்துவிடக்கூடிய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு முடிந்தது. லீபிக்கின் பெயரோடு இணைந்த சஞ்சிகை 1832-இல் தோன்றியது. லண்டனில் 1841-இலும், பெர்லினில் 1867-இலும், நியூயார்க்கில் 1876-இலும் ரசாயனச் சங்கங்கள் அமைந்து, ஒவ்வொன்றும் தன் பத்திரிகையை நடத்தத் தொடங்கியது. இவ்வெள்ளத்தைத் தேக்கி வாய்க்கால் வெட்டும் முயற்சியாக 1830-இலேயே ஜெர்மனியில் தொடங்கிய சுருக்கச் சஞ்சிகை ஒன்று, பின்னர் ‘கெமிஷஸ் ஸென்ட்ரல்பிளாட்’ என்ற பெயரோடு 1969 வரை வாழ்ந்தது. அமெரிக்க ரசாயனச் சங்கம் 1907-இல் தொடங்கிய ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ அதனினும் பெரிதாய் வளர்ந்தது. உலகெங்கும் இருந்த ரசாயனிகள், பெரும்பாலோர் தொண்டு மனப்பான்மையோடு, தம் மொழியில் வெளியான கட்டுரைகளைச் சில வரிகளில் சுருக்கி ஒஹையோ மாகாணத்துக் கொலம்பஸ் நகருக்கு அனுப்பிவந்தார்கள். கனத்த தொகுதிகளாக நூலக அலமாரிகளை நிரப்பிய அதன் அச்சுப் பதிப்பு 2010-இன் தொடக்கத்தில் நின்றுபோய், இப்போது கணினி வழியாகவே கிடைக்கிறது.

சுருக்கம் என்பது வழிகாட்டும் பலகையே. அதை ஊராக எண்ணிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மூலக் கட்டுரையைக் காணாமல் சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டும் வழக்கம், பழைய நாளில் மூலம் ரஷ்ய மொழியிலோ ஜப்பானிய மொழியிலோ இருந்ததால் ஓரளவு மன்னிக்கத்தக்கதாயிருந்தது. இன்று அம்மன்னிப்புக்கு இடமில்லை.

அந்தச் சுருக்க ஸ்தாபனம் 1965-இல் தொடங்கிய ஒரு பணியைத் தனியே பாராட்ட வேண்டும். ஒரே பொருளுக்குப் பத்துப் பெயர்களும், ஒரே பெயருக்கு இரண்டு பொருள்களும் வழங்கும் துறையில், ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஓர் எண்ணைச் சூட்டி அக்குழப்பத்தை அது தீர்த்துவைத்தது. இன்று அப்பதிவேட்டில் இருபது கோடிக்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. தண்ணீரின் எண் 7732-18-5. இதன் கடைசி இலக்கம் வெறும் அலங்காரமன்று. அதை விட்டுவிட்டு, எஞ்சிய இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று முறையே பெருக்கிக் கூட்டினால் 105 வரும். அதன் ஒற்றை ஸ்தானம் 5, அதுவே கடைசி இலக்கம். எழுதும்போது ஓர் இலக்கம் பிசகினால் பெரும்பாலும் கணக்கு உதைக்கும். பதிவேடு தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வழியை எண்ணுக்குள்ளேயே இவ்வாறு பொதிந்துவைத்திருக்கிறது.

ஆனால் சுருக்கமும் எண்ணும் செய்தியைத் தேடித் தருமேயன்றி அதன் மெய்ம்மையைத் தீர்மானிக்கமாட்டா. அந்தத் தீர்ப்பைச் சொல்லும் பணியைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டவர், ஸெய்ண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்த ஃப்ரீட்ரிக் பைல்ஷ்டைன். கரிமச் சேர்மங்களைப் பற்றிய அவருடைய ஜெர்மன் கையேடு 1881 முதல் வெளிவரலாயிற்று. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியின் ஏடுகளை ஊரூராகத் தேடித் தொகுத்து, பாடபேதங்களை ஒப்புநோக்கி, 1887-இல் அதைப் பதிப்பித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, இருவர் செய்த வேலையும் ஒரே இனத்தது என்று தோன்றுகிறது. ஒரு சேர்மத்தின் உருகுநிலையை ஒருவர் 121 டிகிரி என்றும் மற்றவர் 128 டிகிரி என்றும் எழுதியிருந்தால் அவ்விரண்டையும் அப்படியே அடுக்கிவைப்பது தொகுப்பாளனின் வேலை. எவர் தூய பொருளைக் கையாண்டார், எவர் கலப்புப் பொருளை அளந்தார் என்று ஆராய்ந்து ஒன்றை ஏற்று மற்றதை விலக்குவது பதிப்பாசிரியனின் வேலை. பைல்ஷ்டைனும், அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற ஜெர்மன் ரசாயனச் சங்கமும், 1951 முதல் ஃபிராங்க்ஃபர்ட்டில் இயங்கிய அவர் பெயர் தாங்கிய நிலையமும் இந்த இரண்டாவது வேலையையே செய்தன. இதற்காகவே பல தலைமுறை ரசாயனிகள் ஜெர்மன் மொழியின் இலக்கணத்தோடு போராடினார்கள். அச்சுத் தொகுதிகள் 1998-இல் நின்றன. அந்தத் தரவுகள் இன்று ‘ரியாக்ஸிஸ்’ என்னும் சந்தாக் களஞ்சியத்துக்குள் இருக்கின்றன. களஞ்சியம் அன்றைவிடப் பன்மடங்கு பெருத்துவிட்டது. ஒவ்வொரு வரியையும் எடைபோட்ட அந்தப் பழைய பதிப்பாசிரியர்களின் நிதானம் இவ்வளவு பெரிய உருவத்துக்குள் அப்படியே குடியிருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

பிறர் கையால் சோதிக்கப்படுதல் என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால், ரசாயன உலகின் பிரசுரங்களுள் ‘ஆர்கானிக் ஸிந்தஸீஸ்’ தனி ஸ்தானம் பெறுகிறது. முதல் உலக யுத்தத்தின்போது ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த அரிய வினைப்பொருள்கள் நின்றுவிட, இல்லினாய் பல்கலைக்கழகத்து மாணவர்கள் அவற்றைத் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள். அப்போது எழுதிவைத்த செய்முறைகளே ராஜர் ஆடம்ஸ் முதலியோரின் முயற்சியால் 1921-இல் ஆண்டுத் தொகுதியாக உருவெடுத்தன. யாரேனும் ஒரு செய்முறையை அனுப்பினால், ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் அதை எழுத்துப்படி செய்து பார்க்கிறார்கள். சொன்ன விளைச்சல் கிடைத்தால்தான் அச்சேற்றுகிறார்கள். சோதித்துப் பார்த்தவர்களின் பெயரையும் எழுதியவர்களின் பெயரோடு சேர்த்தே வெளியிடுகிறார்கள். அடிக்குறிப்புகளிலோ, பொருளை எங்கே வாங்கியது, எவ்வளவு வேகமாகக் கலக்கியது, எந்த நிறம் தோன்றும்வரை காத்திருந்தது என்பன போன்ற, சாதாரணக் கட்டுரைகளில் இடமில்லை என்று தள்ளப்படும் நுணுக்கங்கள் நிறைந்திருக்கும். ஒரு புதிய மாணவர் குடுவையைக் கையில் எடுக்கும் முன் படிக்கத்தக்க பகுதி அந்த அடிக்குறிப்புகளே.

இவ்வளவு ஜாக்கிரதையாக எழுதி, சோதனைக்கு உட்படப்போவதை முன்பே அறிந்து அனுப்பும் செய்முறைகளிலும், 2010 முதல் 2016 வரை ஏறக்குறைய 7.5 சதவிகிதம் சொன்னபடி நடக்காததால் தள்ளப்பட்டன என்று அதன் ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய காலத்தில் விகிதம் இன்னும் அதிகம். யாரும் குடுவையில் இட்டுச் சோதிக்காத மற்றச் சஞ்சிகைகளின் செய்முறைகளில் எத்தனை தேறும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இங்கே சக அறிஞர் பரிசீலனை என்று வழங்கும் முறையைப் பற்றிச் சொல்லவேண்டும். கட்டுரையைப் பிரசுரிக்கும் முன் அதே துறையினர் இருவரோ மூவரோ படித்து அபிப்பிராயம் கூறுவது இன்று எல்லா நல்ல சஞ்சிகைகளிலும் உண்டு. ஆனால் அவர்கள் படிப்பது காகிதத்தை. குடுவையை அவர்கள் காண்பதில்லை. தர்க்கம் பொருந்துகிறதா, சான்று போதுமா என்பதை அவர்கள் சொல்லலாம். எழுதியவருக்கே தெரியாமல் நுழைந்த பிழையை அவர்கள் கண்டுபிடிப்பது அரிது. இதற்கு 2003-இல் நிக்கலஸ் லெட்பீட்டரும் அவர் துணைவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சி நல்ல உதாரணம். சுஸுகி வினை என்று பெயர்பெற்ற இணைப்பு வினைக்குப் பல்லேடியம் என்னும் விலையுயர்ந்த உலோகம் கிரியா ஊக்கியாக வேண்டும் என்பது அதுவரை தெரிந்த செய்தி. அவர்களோ உலோகமே இல்லாமல் அவ்வினை நடப்பதைக் கண்டு எழுதினார்கள். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. இரண்டாண்டு கழித்து அவர்களே தங்கள் பொருள்களை மறுபடி ஆராய்ந்தபோது, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் 100 கோடியில் 50 பங்கு என்ற அளவில் பல்லேடியம் கலந்திருந்ததும், வினையை நடத்த அதுவே போதுமாயிருந்ததும் தெரியவந்தன. அதை அவர்கள் மறைக்காமல் 2005-இல் பிரசுரித்தார்கள். முதற் கட்டுரையை மட்டும் கண்டு இரண்டாவதைக் காணாதவர் இன்றும் தவறான வழியில் செல்லக்கூடும். ஆகவே ஒரு கட்டுரையைப் படித்தவுடன், அதற்குப் பின்னால் அதை எடுத்துக்காட்டிய கட்டுரைகளையும் தேடிப் பார்ப்பது அவசியமாகிறது. யூஜீன் கார்ஃபீல்ட் 1964 முதல் வெளியிட்ட மேற்கோள் அட்டவணையின் மெய்யான உபயோகம் இதுதான். அதைக் கொண்டு சஞ்சிகைகளுக்கும் பேராசிரியர்களுக்கும் மதிப்பெண் போடும் வழக்கம் பின்னால் வந்த அனர்த்தம்.

மேற்கோள்களின் தொகை மெய்ம்மைக்கு அளவாகாது என்பதற்கு உயிர்ரசாயனமே சாட்சி. உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை, புரதத்தின் அளவைக் காண ஆலிவர் லௌரி முதலியோர் 1951-இல் எழுதிய செய்முறை. 2014-இல் எடுத்த கணக்கின்படி மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் அதைச் சுட்டியிருந்தன. அது மிகவும் பயனுள்ள முறை என்பதைத் தவிர அவ்வெண் வேறெதையும் நிலைநாட்டுவதில்லை.

பெயரின் பெருமையும் அவ்வாறே. லைனஸ் பாலிங்கைவிடச் சிறந்த ரசாயனி அவர் காலத்தில் இல்லை எனலாம். அவர் 1953 பிப்ரவரியில் அமெரிக்க விஞ்ஞான அகாதெமியின் சஞ்சிகையில் டி.என்.ஏ.வுக்கு மூன்று இழைகளும் நடுவே பாஸ்பேட் தொகுதிகளும் கொண்ட ஓர் அமைப்பைப் பிரசுரித்தார். அமிலம் என்று பெயர் பெற்ற பொருளுக்கு அமிலத் தன்மையே இல்லாமற்போகும்படியான அமைப்பு அது. அதே வாரங்களில் கேம்பிரிட்ஜில் டி.என்.ஏ.வின் அமைப்பைத் தேடிக்கொண்டிருந்த வாட்ஸன், பாடப் புத்தகங்களில் கண்ட வடிவங்களை வைத்து காரத் தொகுதிகளைப் பொருத்தப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார். அப்புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. குவானினுக்கும் தைமினுக்கும் அவை காட்டிய ஹைட்ரஜனின் இடம் தவறு என்று, அதே அறையிலிருந்த ஜெர்ரி டோனஹியூ சுட்டிக்காட்டினார். படிக உருவியலில் தேர்ந்த அவர், பாலிங்கின் கலிபோர்னியா நிலையத்திலிருந்து வந்தவர். திருத்திய வடிவத்தை வைத்ததும் ஜோடிகள் பொருந்தின. பாடப் புத்தகம் கற்கத் தொடங்குவதற்கு உரியது. ஆராய்ச்சிக்கு அதை ஆதாரமாகக் கொள்ளுமுன், இப்படத்தை முதலில் வரைந்தவர் எதைக் கண்டு வரைந்தார் என்று கேட்பதே முறை.

பௌதிக மாறிலிகளைத் தரும் கையேடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளீவ்லாந்து நகரத்து ரப்பர் கம்பெனி ஒன்று, ஆய்வுக்கூடச் சாமான்களை விற்கும் வியாபாரத்தின் பக்கக் கிளையாக 1913-இல் வெளியிட்ட நூறு பக்கச் சிறு புத்தகமே, இன்று எல்லா ஆய்வுக்கூடங்களிலும் இருக்கும் பெருங் கையேடாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய ஸ்தாபனம் 1996 முதல் வலையில் இலவசமாக வழங்கும் ரசாயனத் தரவுகளில் ஒவ்வோர் எண்ணுக்கும் அருகே அதை அளந்தவரின் கட்டுரை குறிக்கப்பட்டிருக்கும். பல இடங்களில் ஒரே அளவுக்கு மாறுபட்ட பல மதிப்புகளையும் ஒருங்கே காணலாம். மாறுபாட்டை மறைக்காத அட்டவணையே நம்பத்தக்க அட்டவணை. வியாபார நிறுவனங்கள் பொருளோடு சேர்த்து அனுப்பும் விவரத் தாள்களில் இந்தப் பின்வழி பெரும்பாலும் இருப்பதில்லை.

உயிர்ரசாயனத்துக்கு வரும்போது காட்சி மாறுகிறது. இங்கே ஆதாரங்களின் பெரும்பகுதி கட்டுரைகளில் இல்லை, களஞ்சியங்களில் இருக்கிறது. மார்கரெட் டேஹாஃப் 1965-இல் வெளியிட்ட புரத அட்லஸில் 65 வரிசைகள் இருந்தன. அமெரிக்காவின் புரூக்ஹேவனில் 1971-இல் புரத உருவங்களுக்கான வங்கி தொடங்கியபோது அதில் ஏழே உருவங்கள். இன்று அவ்வங்கியில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட உருவங்கள் இருக்கின்றன. எவரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த உருவங்களைச் சோதிக்கும் முதன்மையான அளவுகோல்களுள் ஒன்று சென்னையில் பிறந்தது என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் தசைநாரிலும் உள்ள கொல்லாஜன் என்ற புரதத்துக்கு மும்முறுக்கு அமைப்பைக் கூறியபோது, அதில் சில அணுக்கள் ஒன்றையொன்று தகாத அளவுக்கு நெருங்கியிருப்பதாகக் கிரிக்கும் ரிச்சும் குறை கூறினார்கள். அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்பதற்கு நிச்சயமான கணக்கு அப்போது யாரிடமும் இல்லை. அக்கணக்கைத் தேடி ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் உழைத்ததன் விளைவே, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் திரும்பவே முடியாது என்று காட்டி 1963-இல் பிரசுரமான வரைபடம். இன்று வங்கிக்கு வரும் எந்தப் புரத உருவமும் அப்படத்தின்மேல் வைத்துப் பார்க்கப்படுகிறது. தடைபட்ட பகுதிகளில் எத்தனை புள்ளிகள் விழுந்தன என்பது அதன் சோதனை அறிக்கையில் இடம்பெறுகிறது. அவ்வறிக்கை உருவத்தோடு கூடவே எவருக்கும் கிடைக்கிறது. உருவத்தின் அழகிய வண்ணப் படத்தைப் பார்த்து மயங்குகிறவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

திறந்து பார்க்கும் வழக்கம் ஏன் வேண்டும் என்பதற்குக் கசப்பான சரித்திரம் ஒன்று உண்டு. பாக்டீரியாவின் சவ்வில் உள்ள ஒரு கடத்தும் புரதத்தின் உருவத்தை, கலிபோர்னியாவிலுள்ள பெயர்பெற்ற ஆராய்ச்சி நிலையம் ஒன்று 2001-இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்டது. அதைத் தொடர்ந்து அதே குழுவினர் வேறு உருவங்களையும் பிரசுரித்தார்கள். 2006-இல் ஸ்விட்ஸர்லாந்தில் வெளியான உறவுப் புரதத்தின் உருவம் அவற்றோடு சிறிதும் ஒத்துவராமற்போகவே தேடிப் பார்த்தபோது, அவர்கள் சொந்தமாக எழுதிய கணிதச் செயல்திட்டம் தரவில் இரண்டு பத்திகளை இடம் மாற்றிவைத்திருந்தது தெரிந்தது. ஐந்து கட்டுரைகள் வாபஸ் பெறப்பட்டன. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அவ்வுருவங்களுக்கு முரணான சோதனை முடிவுகளைப் பெற்ற மற்ற ஆராய்ச்சியாளர்கள், பிரசுரமான உருவத்தின் செல்வாக்குக்கு எதிரே தங்கள் முடிவுகளை நிலைநாட்ட மிகவும் சிரமப்பட்டார்கள்.

புரத வரிசைகளின் களஞ்சியத்தில் இரண்டு அறைகள் உண்டு என்பதைப் பல மாணவர்கள் கவனிப்பதில்லை. அமோஸ் பைரோக் ஜெனீவாவில் 1986-இல் தொடங்கிய ‘ஸ்விஸ்-புரோட்’ பகுதியில், பயிற்சிபெற்ற ஒருவர் கட்டுரைகளைப் படித்து ஒவ்வொரு பதிவையும் எழுதுகிறார். மற்றொரு பகுதியில் யந்திரம், புதிய வரிசை பழைய வரிசையை ஒத்திருப்பதைக் கண்டு பழையதன் பெயரையே புதியதற்கும் சூட்டிவிடுகிறது. முன்னதில் ஏறக்குறைய ஐந்தரை லட்சம் பதிவுகள், பின்னதில் கோடிக்கணக்கானவை. 37 என்ஸைம் குடும்பங்களை எடுத்துக்கொண்டு 2009-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, கையால் எழுதிய பகுதியில் தவறான பெயர் ஏறக்குறைய இல்லை என்றும், யந்திரம் எழுதிய பொதுக் களஞ்சியங்களில் 10 குடும்பங்களில் தவறு 80 சதவிகிதத்தைத் தாண்டியது என்றும் கண்டார்கள். தவறான பெயர் ஒன்று நுழைந்தால், அதை ஒத்த அடுத்த வரிசைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொள்ளும். பெருக்கம் தானே நடக்கும். ஒரு பதிவைப் பயன்படுத்துமுன் அது எந்த அறையைச் சேர்ந்தது என்று பார்க்க ஒரு கணமே ஆகும். அதேபோல், 2022-இல் ஆல்ஃபாஃபோல்ட் என்னும் கணினிச் செயல்திட்டம் இருபது கோடிக்கு மேற்பட்ட புரதங்களுக்குக் கணித்துத் தந்த உருவங்கள் வியக்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. 2024-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசில் அதற்குப் பங்கு கிடைத்ததும் பொருத்தமே. ஆயினும் அவை கருதல் வகையைச் சேர்ந்தவை, காண்டல் அல்ல. ஒவ்வொரு பகுதியிலும் தன் கணிப்பின் உறுதி எவ்வளவு என்பதை அந்தக் களஞ்சியமே மதிப்பெண்ணாலும் நிறத்தாலும் காட்டியிருக்கிறது. அதைப் பாராமல் படத்தை மட்டும் எடுத்தாளுகிறவர் மேல்தான் குற்றம்.

யந்திரத்தைக் குறை சொல்வதற்குமுன், மனிதர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதில் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதையும் பார்க்கலாம். ஸ்பினாச் என்னும் கீரையில் இரும்புச் சத்து மிகுதி என்ற நம்பிக்கைக்குக் காரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய ரசாயனி ஒருவர் தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்ததே என்ற கதை, விஞ்ஞானிகள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்கு உதாரணமாகப் பல கட்டுரைகளில் வந்திருக்கிறது. அதைப் பரப்பியதில் பெரும்பங்கு 1981-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வந்த, ஆதாரம் எதுவும் காட்டாத ஒரு கட்டுரைக்கு உண்டு. 2010-இல் மைக் ஸட்டன் என்பவர் மூலங்களைத் தேடிச் சென்றபோது, தசமப் புள்ளிப் பிழைக்கே சான்று கிடைக்கவில்லை. ஜாக்கிரதையைப் போதிக்க வந்த கதையை ஜாக்கிரதையின்றி எல்லாரும் படியெடுத்திருந்தார்கள்!

நம் நாட்டுக்கு நெருங்கிய உதாரணம் மஞ்சள். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் காப்புரிமை அளிக்கப்பட்டது. நம் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் அதை எதிர்த்தது. நம் பாட்டிமாருக்கெல்லாம் தெரிந்த செய்திதானே என்று வாதிட்டால் அந்த அலுவலகத்தில் எடுபடாது. அச்சில் வந்த சான்று வேண்டும். பழைய சம்ஸ்கிருத நூல்களோடு, இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1953-இல் வெளியான ஒரு கட்டுரையும் எடுத்து வைக்கப்பட்டது. 1997-இல் காப்புரிமை ரத்தாயிற்று. எந்த மின் களஞ்சியத்தின் தேடலிலும் எளிதில் அகப்படாமல் நூலக அலமாரியில் கிடந்த பழைய சஞ்சிகையே வழக்கை வெல்ல உதவியது என்பதை, பழைய தொகுதிகளை எடைக்குப் போட விரும்பும் நிர்வாகிகள் கவனிக்க வேண்டும்.

அதே மஞ்சளுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதன் நிறப்பொருளான குர்குமின் ஏறக்குறைய எல்லா நோய்களுக்கும் எதிராக வேலை செய்வதாக ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன. 2017-இல் அமெரிக்க மருந்து ரசாயனிகள் சிலர் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். அப்பொருள் தானே ஒளிரும் இயல்புடையது, புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்ளும், உலோகங்களைப் பற்றிக்கொள்ளும், ரத்தத்தின் காரத்தன்மையை ஒத்த நீர்க்கரைசலில் சில நிமிஷங்களிலேயே சிதையத் தொடங்கும். ஆகவே சோதனைக் குழாயில் அது காட்டும் விளைவுகளில் பல, சோதனை முறையையே ஏமாற்றும் விளைவுகள். 120-க்கு மேற்பட்ட மனிதச் சோதனைகளில் இருபக்கமும் மறைத்து நடத்திய கட்டுப்பாடான எதுவும் அவர்கள் பார்த்தவரையில் வெற்றி பெறவில்லை. நம் சமையலறைப் பொருள் என்ற பாசத்தால் இதைப் புறக்கணிப்பது ஆராய்ச்சிக்கு அழகன்று. கட்டுரைகள் பல இருப்பதும், அவை ஒரே குறையைப் பகிர்ந்துகொள்வதும் ஒருங்கே நிகழக்கூடியவை.

போலிச் சஞ்சிகைகளின் விஷயம் வெட்கப்பட வைப்பது. 2013-இல் ஜான் பொஹானன் என்ற எழுத்தாளர், கற்பாசியிலிருந்து எடுத்த பொருள் ஒன்று புற்றுநோயைத் தடுப்பதாகக் கூறும் கற்பனைக் கட்டுரையை, எந்த ரசாயன மாணவரும் கண்டுகொள்ளக்கூடிய பிழைகளை வேண்டுமென்றே வைத்து, 304 சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 157 சஞ்சிகைகள் ஏற்றுக்கொண்டன. 98 மட்டுமே மறுத்தன. அனுப்பப்பட்டவற்றில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவைத் தளமாகக் கொண்டவை என்று அவர் கண்டார். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கேட்கும் வரையில் இவ்வியாபாரம் ஓயாது.

நல்ல ஆதாரம் எது என்று தெரிந்தும் அது கைக்கு எட்டாமலிருப்பது நம் நாட்டு ஆராய்ச்சியாளரின் பழைய குறை. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பேற்ற சீர்காழி ரங்கநாதன், வாசகரின் நேரத்தைக் காப்பதை நூலக இயலின் விதிகளுள் ஒன்றாகவே 1931-இல் வகுத்தார். 1952-இல் டெல்லியில் அமைந்த விஞ்ஞான ஆவண நிலையம், கேட்டவர்க்குக் கட்டுரைகளின் நகலையும் மொழிபெயர்ப்பையும் தபாலில் அனுப்பிவைத்தது. 2025 முதல் ஒரே சந்தாத் திட்டத்தின் கீழ், 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகள் அரசுக் கல்வி நிலையங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் திறக்கப்பட்டிருக்கின்றன. தனியார் கல்லூரிகள் முதற்கட்டத்தில் சேரவில்லை. அவற்றில் படிப்போருக்கும், கட்டுரைகளைத் தேட உதவும், 1996-இல் தோன்றிய பப்மெட், சேர்மங்களின் விவரம் தரும், 2004-இல் தோன்றிய பப்கெம், புரத வங்கி, ஸ்விஸ்-புரோட், ஆர்கானிக் ஸிந்தஸீஸ் ஆகிய அனைத்தும் காசின்றிக் கிடைக்கின்றன. ஓர் உயிர்ரசாயன ஆராய்ச்சியைத் தொடங்க இவை போதாவென்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இப்போது வினவினால் விடை எழுதித் தரும் யந்திரங்களும் வந்துவிட்டன. அவை சரளமாக எழுதுகின்றன. இல்லாத கட்டுரைக்கு உள்ள சஞ்சிகையின் பெயரையும், நம்பத்தக்க ஆண்டையும், பக்க எண்ணையும் சேர்த்துச் சொல்வதும் அவற்றின் வழக்கமாயிருக்கிறது. அத்தகைய மேற்கோளைக் கட்டுரையின் பதிவு எண்ணைக் கொண்டு தேடினால் பொய் உடனே வெளிப்படும். உள்ள கட்டுரையையே சுட்டி, அதில் இல்லாத முடிவை அதன்மேல் ஏற்றிச் சொல்வது இதனினும் அபாயமானது. மூலத்தைத் திறந்து படிப்பதைத் தவிர அதற்கு வேறு பரிகாரம் இல்லை.

கடைசியாக, வாபஸ் பெறப்பட்ட கட்டுரைகளைப் பற்றி ஒரு நடைமுறைச் செய்தி. ஒரு சஞ்சிகை தன் கட்டுரையை வாபஸ் வாங்கினால் தன் வலைப்பக்கத்தில் அறிவிக்கும். மூன்றாண்டுக்குமுன் மாணவர் தம் கணினியில் சேமித்துவைத்த நகலில் அந்த அறிவிப்பு தானாக ஏறிக்கொள்ளாது. ஆகவே ஆய்வேடு எழுதி முடிக்கும் தறுவாயில், மேற்கோள் பட்டியல் முழுவதையும் மறுபடி ஒருமுறை சரிபார்ப்பது தேவை. வாபஸ் பட்டியல்களைத் திரட்டிய ‘ரிட்ராக்ஷன் வாட்ச்’ களஞ்சியம் 2023 முதல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. ‘ஸோடெரோ’ என்னும் இலவசச் செயலியில் மேற்கோள்களைச் சேமித்துவைப்பவர்களுக்கு, அப்பட்டியலில் ஒரு கட்டுரை ஏறியவுடன் அதனருகே சிவப்புக் குறி தானே தோன்றும்.